ஆமிட சிப்

அன்று ஃபோனில் நஸீர் சொன்ன சொல் சரியாக எது என்று சுபாகரனுக்கு இன்றைக்கும் நிச்சயமில்லை. வெயில் ஏறியிருந்ததா, காற்று கச்சானா கொண்டலா, மகள் சிவானுஜா கிணற்றடியில் நின்றாளா கடைக்குப் போயிருந்தாளா என்பதெல்லாம் நினைக்கும் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு விதமாக வருகிறது. அவளுடைய ஃபோன் மேசையில் கிடந்து அடித்தது, தான் எடுத்தான் என்பது மட்டும் உறுதி. ஒரு காலத்தில் இந்தக் காதை நம்பி ஆட்கள் போகிற வழியை மாற்றிக்கொண்டு போயிருப்பார்கள். இப்போது காதுக்குச் சொந்தக்காரனுக்கே அதில் நம்பிக்கை இல்லை.

அவனுக்குக் கேட்டது இப்படி: “அண்ணன், தங்கச்சிட்டச் செல்லுங்க, ஆமிட சிப் வந்திரிக்கி. இனி எல்லார்ர ஊட்டுக்கும் இதான் வரப்போகுது.”

நஸீர் ஓட்டமாவடியில் கணினிக் கடை வைத்திருப்பவன். அவன் மேலும் ஏதோ சொன்னான், லைன் அறுந்துவிட்டது. சிப் என்றதும் சுபாகரன் முதலில் கப்பல் என்றுதான் எடுத்துக்கொண்டான். வாசலுக்கு வந்து கடலைப் பார்த்தான். மாங்கேணிக் கடலில் நாலைந்து வள்ளங்களைத் தவிர ஒன்றும் இல்லை. தரைப்படையான ஆமிக்கு ஏது கப்பல், அது நேவியிடமல்லவா இருக்கும் என்று தன்னையே கேட்டுச் சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு வரவில்லை. எல்லாருடைய வீட்டுக்கும் வரப்போகிறது என்ற சொல் அவனை விடவில்லை. கப்பல் வீட்டுக்கு வராது. வீட்டுக்குள் வரக்கூடியது எதுவோ அதுதான் வந்திருக்கிறது.

சிவானுஜா உயர்தரப் பரீட்சை முடித்துவிட்டு வீட்டிலிருந்தே வேலை செய்கிறாள். கொழும்பில் ஓர் அலுவலகம், ஊர் ஊராகப் போய் ஆட்கள் கதைப்பதைப் பதிந்து அனுப்புகிறது. விதைப்பு, மழை, யானை, வருத்தம், பிள்ளைகள் என்று எதையாவது சொல்லிக்கொண்டிருக்கும் குரல்கள். அவள் கேட்டுக் கேட்டு எழுத்தாக அடித்து அனுப்ப வேண்டும். பழைய கணினி யாரோ பாவித்துக் கழித்தது. உச்சி வெயிலில் இளைக்கும், பிறகு கண்ணை மூடிக்கொள்ளும். நல்ல கணினி ஒன்று இருந்தால் வேலையை நிரந்தரமாக்கித் தருவதாக அலுவலகத்தில் சொல்லியிருந்தார்கள். அன்றிலிருந்து வீட்டில் வேறு கதை இல்லை. எந்த வகைப் புரொசசர் என்று முதலில் முடிவெடுக்க வேண்டும், மற்றதெல்லாம் பிறகு என்று அவள் சொல்லிக்கொண்டே திரிந்தாள். சுபாகரன் அதைக் கேட்டும் கேட்காமலும் இருந்தான். அவனைத் தொந்தரவு செய்தது வேறொன்று. ஹெட்போனை மாட்டிக்கொண்டால் மகள் முதுகை வளைத்து, இடது கையால் காதை அழுத்திக்கொண்டு, கண்ணைச் சுருக்கி இருப்பாள். அந்த இருப்பை அவள் எங்கும் பார்த்துப் பழகியிருக்க வழியில்லை.

இயக்கம் அவனைக் கொண்டுபோனபோது அவனுக்கு மீசை அரும்பியிருக்கவில்லை. துவக்கைத் தூக்கினால் தோள் சரியும். ஆனால் காது நல்லது என்று யாரோ கண்டுபிடித்தார்கள். பருவத்துக்கு மீன்பிடிக்க வந்து வாடி போடுகிற நீர்கொழும்பு ஆட்களின் பிள்ளைகளோடு சின்ன வயதில் கடற்கரையில் புரண்டதில் சிங்களம் நாக்கில் ஒட்டியிருந்தது. காட்டுக்குள் ஒரு குழியில் இருத்தி, காதில் ஹெட்போனை மாட்டி, ஆமி வோக்கிடோக்கியில் கதைப்பதைத் தமிழில் சொல்லச் சொன்னார்கள். நிறுத்தி யோசிக்க நேரம் கிடையாது. அந்தப் பக்கம் சிங்களம் வாயை விட்டு வரும்போதே இந்தப் பக்கம் தமிழ் வந்துவிட வேண்டும். சொல்லி முடித்ததும் ‘ஓவர்’ என்க வேண்டும். அவன் சொன்னதை வைத்து யார் எங்கே போனார்கள், என்ன செய்தார்கள் என்பதை அவனுக்கு யாரும் சொன்னதில்லை.

இயக்கம் இரண்டாக உடைந்த வருடம் பிள்ளைகளை வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். கொக்கட்டிச்சோலையில் சித்தி வீட்டில், வட்டையில் நெல்லுக்குக் காவல் இருக்கிறவன் மாதிரி ஒளிந்திருந்தான். அந்த வருட முடிவில் கடல் வந்தது. வாகரைப் பக்கத்தில் ஆட்களோடு சேர்த்து அடையாள அட்டை, பிறப்புப் பத்திரம், பள்ளிக்கூடப் பதிவு என்று எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போனது. புதிதாகப் பதியப் போனபோது அவனுடைய இடைப்பட்ட காலத்தைப் பற்றி எவரும் கேட்கவில்லை. பின்னர் ஆமி ஊரைப் பிடித்தது, பெயர் பதிந்தது, புனர்வாழ்வுக்கென்று ஆட்களைக் கொண்டுபோய்த் திருப்பி அனுப்பியது. அவன் பெயர் எந்தப் பக்கத்திலும் இருக்கவில்லை. போய் வந்தவர்களுக்கு அந்தக் கணக்கு முடிந்துவிட்டது. அவனுக்கு அது திறக்கப்படவே இல்லை, ஆகவே முடியவும் இல்லை.

மனைவி வசந்தாதேவிக்கு எல்லாம் தெரியும். மகளுக்குத் தெரியாது. அப்பாவுக்குச் சிங்களம் சுட்டுப்போட்டாலும் வராது என்றுதான் சிவானுஜா நினைத்திருந்தாள். கொழும்பு பஸ்ஸில் கொண்டக்டரிடம் அவன் கையால்தான் கதைப்பான். ஆனால் ஒன்றை மட்டும் அவனால் நிறுத்த முடியவில்லை. எங்காவது சிங்களம் காதில் விழுந்தால் உதடு தானாக அசையும். சத்தம் வராது, வந்தாலும் மூச்சளவுதான். வசந்தாதேவி கண்டால் முழங்கையால் இடிப்பாள். போட் எஞ்சின் திருத்துகிற வேலை அவனுக்குப் பிடித்துப்போனதே அதனால்தான். ஓடுகிற எஞ்சினுக்குப் பக்கத்தில் நின்று யாரும் கதைக்கமாட்டார்கள்.

நஸீர் ஃபோனில் சொன்னதை அவன் முதலில் மனைவியிடம்தான் சொன்னான். அவள் குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். கத்தியை நிறுத்தாமலே கேட்டுவிட்டு, ஓட்டமாவடி முஸ்லிம் காக்காமாரின் கடைக்குச் சாமான் கொடுக்க ஆமிக்கு வேறு வேலை இல்லையா என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, “பிள்ளைட்ட விளங்கக் கேளுங்க. மனசுக்க வச்சிக் குமையாதீங்க” என்றாள்.

அவன் கேட்கவில்லை. மத்தியானச் சாப்பாட்டின்போது, கேள்வியாக இல்லாமல் முடிவாகவே சொன்னான்.

“அந்தப் பெட்டி வேணா மனே.”

“என்னத்துக்குப்பா?”

“ஆமிட சாமான் நம்மட வீட்டுக்க வரப்படா.”

சிவானுஜா கையிலெடுத்த சோற்றோடு அவனைப் பார்த்தாள். விஷயம் பிடிபட்டதும் அவளுக்குப் புரையேறிவிட்டது. தண்ணீரைக் குடித்துத் தலையில் தட்டிக்கொண்டு, “ஆமி இல்லப்பா. ஆம். ஏ ஆர் எம், ஆம். அது ஒரு சிப் வகை. ஆம்ட சிப் எண்டுதான் நஸீர் நானா சொல்லியிருப்பாரு” என்றாள்.

“அப்ப நேவிட சிப் எப்ப வருமாம் எண்டும் கேளு புள்ள,” என்றாள் வசந்தாதேவி.

தாயும் மகளும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். சிரித்துக்கொண்டே மனதுக்குள் ஆமிட, ஆம்ட என்று இரண்டையும் சொல்லிப் பார்த்தான். நடுவில் இருந்தது ஒரு மூச்சு. குழிக்குள் இருந்த காலத்தில் இப்படி எத்தனை மூச்சைத் தவறவிட்டிருப்பேன் என்று நினைத்தபடி கையைக் கழுவ எழும்பினான்.

சாப்பாடு முடிந்ததும் அவள் இரண்டு வகையையும் அவனுக்கு விளங்கப்படுத்தினாள். இவ்வளவு நாளும் வீடுகளில் இருந்தது எல்லாம் பழைய வகை. புரோகிராம்கள் எல்லாம் அதனுடைய பாஷையில்தான் எழுதப்பட்டவை. ஆனால் அது கரண்டைத் தின்னும், சூடாகும், விசிறி இரையும். இந்தப் புதிய வகை கைத்தொலைபேசிக்குள் இருப்பதன் பெரிய அண்ணன். சூடு இல்லை, சத்தம் இல்லை, கரண்ட் போனால் ஒரு சின்னப் பெட்டரியிலேயே ஓடும். அதைவிடப் பெரிய விஷயம், அதற்குள் தனியாக ஒரு பகுதி இருக்கிறது, நாம் கதைப்பதைக் கேட்டு அதுவே எழுதிவிடும். இன்டர்நெட்டும் தேவையில்லை. அவளுக்கு வேலை பாதியாகக் குறையும். ஒரே சிக்கல், அலுவலகத்தின் புரோகிராம் பழைய வகைக்காகச் செய்தது.

ஒரு கொம்பனி எஞ்சினின் பிஸ்டன் இன்னொன்றுக்குள் போகாது என்பது அவனுக்குத் தெரியும். அதனால், பிறகு அந்தப் புரோகிராம் இதில் எப்படி ஓடும் என்று கேட்டான்.

“அதுக்கு இதுட பாசை தெரியாதுப்பா. நடுவில ஒருத்தன் நிண்டு மாத்தி மாத்திச் சொல்லுவான். அது சொல்லச் சொல்ல, இவன் இதுக்கு விளங்கிற மாதிரிச் சொல்லிக்கொண்டே இருப்பான். அப்பிடி ஒருத்தன் நிக்கிறதே நமக்குத் தெரியா.”

அவள் எழும்பப் போனபோதுதான் சுபாகரன் கேட்டான்.

“அவன் கேட்டதயெல்லாம் மறுகா என்ன செய்வான்?”

“வச்சிருப்பான். அடுத்தமுற கெதியாச் சொல்றதுக்கு.”

அதற்குப் பிறகு வந்த நாட்களில் அவன் வீட்டுக்குள் நடக்கும்போது கூடச் சத்தம் குறைந்தது. பெட்டி ஹோலில், சாமிப் படத்துக்குக் கீழே இருக்கப்போகிறது. பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சியில் சிங்களச் செய்தி போகும். தன் உதடு அசையும். அந்தப் பகுதி கேட்கும், எழுதும், வைத்திருக்கும். மகளுடைய எழுத்துகளோடு ஒருநாள் அதுவும் கொழும்புக்குப் போய்ச் சேரும். வேண்டாம் என்று சொல்வது சுலபம். ஏன் என்று கேட்டால் சொல்வதற்கு ஒன்றும் இல்லை. காரணம் சொல்ல முடியாத பயம் வெளியே பிடிவாதமாகத்தான் தெரியும். அவன் வேண்டாம் என்றே நின்றதில் சிவானுஜா இரண்டு நாள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. அலுவலகத்துக்குப் பதில் சொல்ல வேண்டிய கெடுவும் வந்துவிட்டது. கடைக்குப் போய், பார்த்துவிட்டு ஏதாவது குறை கண்டுபிடித்துப் பழைய வகையையே எடுப்பித்துவிடலாம் என்ற எண்ணத்தில் அவளை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு ஓட்டமாவடிக்குப் போனான்.

கடையில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. பழைய வகை, தகரப்பெட்டி அளவில் விசிறிகளோடு. புதியது சோற்றுப் பார்சல் அளவில், விசிறி ஓட்டை எதுவும் இல்லாமல். நஸீர் அதைச் சுவரில் மாட்டியிருந்த பெரிய திரையோடு இணைத்து, ஒரு மைக்கையும் வைத்திருந்தான். ரோட்டால் போகிறவர்களும் பார்க்க வேண்டும் என்று திரையை வாசல் பக்கம் திருப்பியிருந்தான். மைக்குக்கு முன்னால் குனிந்து, நஸீர்ர கடைக்கு வந்தாக்கா மண்ட காயத் தேவல்ல என்றான். அவன் வாய் மூடுவதற்குள் சுவரில் அது எழுத்தாக நின்றது. தமிழென்றால் கடைக்கோடியில் நின்று முணுமுணுத்தாலும் பிடிக்கும், கதைத்தது எல்லாம் உள்ளேயே கிடக்கும், எப்போது வேண்டுமானாலும் தேடி எடுக்கலாம் என்று தன் மகனின் கெட்டித்தனத்தைச் சொல்கிறவன் மாதிரிச் சொன்னான். சிவானுஜா கேள்விக்கு மேல் கேள்வி கேட்டாள், பாதிக்கு அவளே பதிலும் சொன்னாள்.

“உங்கட மகள் எனக்கு வகுப்பெடுக்கிறா அண்ணன். நீங்களும் ஒண்டு கதைச்சிப் பாருங்க.”

சுபாகரன் தலையை ஆட்டி மறுத்தான். பழைய வகைக்குப் பக்கத்தில் போய் நின்று, அதன் விசிறியை விரலால் சுற்றிப் பார்த்தான். இதுவே போதும் என்று சொல்ல வாயெடுத்தவன், மைக் கேட்கும் என்ற நினைப்பில் வாயை மூடிக்கொண்டான். நஸீர் ஏதோ வயர் எடுக்க உள்ளே போனான்.

அப்போதுதான் அந்தச் சிப்பாய் வந்தான். சீருடையில், கையில் பிரிண்டர் மை முடிந்த குப்பியோடு, தோளுக்கும் காதுக்கும் நடுவில் ஃபோனை இடுக்கிக்கொண்டு வந்தான். இருபத்தைந்து வயது இருக்கலாம். வீட்டோடு சிங்களத்தில் கதைத்துக்கொண்டிருந்தான். சுபாகரன் விசிறியையே பார்த்தான். அதன் தகடுகளை எண்ணினான். எஞ்சின் ஒன்று ஓடுவதாக நினைத்துக்கொண்டான். வாய் மூடித்தான் இருக்கிறது என்று முழுதாக நம்பினான். கொஞ்ச நேரத்தில் மகளின் பக்கம் ஒரு அசைவும் இல்லாததை உணர்ந்து நிமிர்ந்தான். அவள் பெட்டியைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சுவரில், நஸீரின் வரிக்குக் கீழே, விரல் நீள எழுத்தில் இருந்தது.

கூரை ஒழுகுதாம். கட்டில மற்றப் பக்கம் இழுத்துப் போடச் சொல்றான். போயா லீவுக்கு வாறானாம். ஓவர்.

அவனுக்குக் காது அடைத்தது. சிவானுஜா மெல்லத் திரும்பிச் சிப்பாயைப் பார்த்தாள், அவன் காதில் இருந்த ஃபோனைப் பார்த்தாள், பிறகு தகப்பனின் வாயைப் பார்த்தாள். முகத்தைப் பார்க்கவில்லை, வாயைத்தான் பார்த்தாள். சிப்பாய் கதைத்து முடித்து ஃபோனைச் சட்டைப்பையில் வைத்தான். கடைக்குள் வருகிற யாரும் செய்வதைப்போல, வெளிச்சமாக இருந்த திரையை நோக்கித் தலையைத் தூக்கப் போனான்.

சிவானுஜா மைக்கில் குனிந்தாள். “கீரி. சூடை. பாரை. சுறா. திருக்கை. ஓரா. கெழுத்தி. மணலை,” என்று ஒவ்வொன்றாக நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். ஒவ்வொரு மீனும் ஒரு வரியாக விழுந்து, மேலே இருந்ததை மேலே தள்ளியது. ஓவர் என்ற சொல் திரையின் விளிம்பில் ஒரு கணம் தொங்கிவிட்டு மறைந்தது. சிப்பாய் திரையைப் பார்த்தான். வாய்க்குள் எழுத்துக் கூட்டினான். பிறகு சிரித்தான்.

“தங்கச்சி, மீன் கடையா இது?” என்று தமிழில் கேட்டான்.

அவனுக்குத் தமிழ் தெரிந்திருந்தது. எவ்வளவு தெரியும், எப்போதிருந்து பார்த்தான் என்பதுதான் தெரியவில்லை. சிவானுஜாவும் சிரித்தாள். நஸீர் வந்து குப்பியை நிரப்பிக் கொடுத்தான். சிப்பாய் போகும்போது சுபாகரனைப் பார்த்துத் தலையசைத்தான். எல்லாரையும் பார்த்துத்தான் அசைத்தானா என்று சொல்ல முடியாது.

அவன் ரோட்டைக் கடக்கும் வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, இதில் எழுதியதை அழிப்பது எப்படி என்று சிவானுஜா சாதாரணமாகக் கேட்டாள். நஸீர் மேலே கீழே உருட்டிப் பார்த்தான். “மேலால அழிக்கலாம் தங்கச்சி. உள்ளுக்க எங்கயாச்சும் கிடக்கும், அத நானும் இன்னும் முழுசாப் பாக்கல்ல. டெமோதானே, கிடந்திட்டுப் போகட்டும்.”

சுபாகரன் அந்தச் சின்னப் பெட்டியைப் பார்த்தான். கொண்டுபோனால் கேட்டுக்கொண்டே இருக்கும். விட்டுப்போனால், இன்னொருவர் வந்து உருட்டும்போது சொல்லிவிடும். நாளைக்கே அந்தச் சிப்பாய் மை வாங்க வரலாம்.

“இத எடுப்பம்,” என்றான்.

நஸீர் சந்தோஷமாக உள்ளே போய் ஒட்டுப் பிரிக்காத பெட்டி ஒன்றைக் கொண்டுவந்தான்.

“அது வேணா தம்பி. இதே வேணும்.”

“அண்ணன், இது கண்டவன் நிண்டவனெல்லாம் தடவின சாமான். புதுசு இந்தா கையில இரிக்கி.”

“இதேதான்.”

“அல்லாஹ்வே. ஊருல எல்லாரும் புதுசு கேட்டுச் சண்ட புடிக்கிற. நீங்க பழசக் கேட்டுச் சண்ட புடிக்கிறீங்களே.”

சுபாகரன் அந்தப் பெட்டியின் மேல் கையை வைத்துக்கொண்டான். சிவானுஜா முன்னால் வந்து திரையின் வயரைத் தானே கழற்றினாள். “ஓடிப் பாத்த எஞ்சினத்தான் நம்பலாமெண்டு சொல்றாரு நானா. எஞ்சின்காரன்ட புத்தி,” என்றாள். அவள் குரலில் எந்தப் பிசகும் இல்லை. இவ்வளவு சுத்தமாகப் பொய் சொல்ல மகளுக்கு வரும் என்று அவன் அதுவரை அறிந்திருக்கவில்லை. யாரிடமிருந்து வந்தது என்றும் யோசிக்கத் தேவையிருக்கவில்லை.

திரும்பும்போது பெட்டி இருவருக்கும் நடுவில் இருந்தது. அதன் மூலை அவன் முதுகில் குத்திக்கொண்டே வந்தது. ஆமி முகாமடியில் காவலுக்கு நின்றவன் நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டவில்லை. அவள் கேட்பாள், இதோ கேட்கப்போகிறாள் என்று காயாங்கேணி வரை பார்த்தான். காயாங்கேணி தாண்டியும் பார்த்தான். அவள் கேட்கவில்லை. வீட்டு வாசலில் இறங்கும்போது மட்டும் ஒரு கையைக் கொஞ்ச நேரம் அவன் தோளில் ஊன்றியிருந்தாள். இறங்குவதற்குத்தான் ஊன்றினாள் என்றும் சொல்லலாம்.

நஸீரின் கடை இப்போதும் ஓட்டமாவடியில் நன்றாக நடக்கிறது. தடவின பெட்டியைக் கேட்டு அடம்பிடித்த மாங்கேணி எஞ்சின்காரரின் கதையை அவன் வருகிறவர்களுக்குச் சொல்லிச் சிரிக்கிறான் என்று கேள்வி. அந்தச் சிப்பாய் மாற்றலாகிப் போயிருக்கலாம், அவனை இவர்கள் பிறகு காணவில்லை. சிவானுஜாவுக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது. மைக்கைக் கழற்றிப் பரணில் போட்டுவிட்டு, முன்புபோல ஹெட்போனை மாட்டிக் கையால்தான் அடிக்கிறாள். உள்ளே கிடந்ததை அழித்தாளா, அது அழியக்கூடியதுதானா என்று அவன் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. வசந்தாதேவி முக்கியமான எதையும் கிணற்றடிக்கு வந்துதான் கதைக்கிறாள். சுபாகரன் வெற்றிலை போடப் பழகிவிட்டான். நாற்பதை நெருங்குகிற வயதில் என்ன புதுப் பழக்கம் என்று ஊரில் கேலி செய்கிறார்கள். பக்கத்து வீட்டில் சிங்களச் செய்தி தொடங்கினால் வாய் நிறைய அடக்கிக்கொள்கிறான். உதடு அசைகிறது, பார்க்கிறவர்களுக்கு ஒரு மனிதன் மெல்வதாகத்தான் தெரியும். கொண்டு வா என்று அவன் யாரிடமும் சொன்னதில்லை. சந்தைக்குப் போய்வருகிற நாட்களில் சிவானுஜா ஒரு கட்டு வெற்றிலை வாங்கி, தண்ணீர் தெளித்து, ஈரத்தோடு அவனுடைய எஞ்சின் திருத்தும் சாவிப் பெட்டியின் மேல் வைத்துவிட்டு உள்ளே போய்விடுகிறாள்.